தம்பி போட்ட ரோடு

சாரம் பகுதியில் எங்கள் தெருவுக்கு நான் மருமகளாக வந்தபோது வீட்டு வாசலுக்கு மூன்று படிகள் இருந்தன. ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இப்போது இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வீடு எங்கேயும் போகவில்லை, என் மாமனார் கட்டிய இடத்தில்தான் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. ரோடுதான் வருஷத்துக்கு வருஷம் எழுந்து நின்றுகொண்டே வந்தது.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முன் அறையில் கிரைண்டர், அதற்குப் பக்கத்தில் இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்கு, வாசல் கதவையே கடைக் கதவாக வைத்துக்கொண்டு பிழைப்பு. ரோடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு டேப் தேவைப்பட்டதில்லை. வந்த புதிதில் மாவு வாங்க வருகிறவர்கள் கீழே நிற்பார்கள், நான் குனிந்து பாத்திரத்தைக் கொடுப்பேன். பிறகு ஒருநாள் பார்த்தால் நேருக்கு நேராக நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு நான் கையைத் தூக்கி நீட்டுகிறேன், அவர்கள் குனிந்து வாங்குகிறார்கள். என்னைவிடச் சின்னப் பெண்களெல்லாம் என் தலைக்கு மேலே நின்று "மாவு புளிச்சிருக்காக்கா?" என்று கேட்கிறார்கள்.

ரோடு போடும் முறையே அப்படி. பழைய ரோட்டைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள், தாரைத் தெளிப்பார்கள், ஜல்லியைக் கொட்டுவார்கள், ரோலர் ஏறி இறங்கும். முடிந்தது. பழையதைச் சுரண்டி எடுக்கிற வழக்கம் கிடையாது. சுட்ட தோசையை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த தோசையை ஊற்றுவதுபோல ஊற்றிக்கொண்டே போனார்கள்.

இதில் நாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. ஒவ்வொரு முறை ரோடு போட வந்தபோதும் தேங்காய் உடைத்து கற்பூரம் காட்டினோம். ரோலர் ஓட்டியவருக்கு மோர் கொடுத்தோம். முதல் படி தாருக்குள் மறைந்தபோது என் வீட்டுக்காரர், "போவட்டும், ஏறுற வேலை மிச்சம்" என்று சிரித்தார். அவர் அப்போது மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், ஷிப்டு முடிந்து வந்து மீதிப் படிகளைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவார். என் தம்பியும் அப்படித்தான், மூன்று படி இருந்த காலத்தில் மூன்றையும் ஒரே தாவாகத் தாவுவான்.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். நான் கல்யாணமாகி சாரத்துக்கு வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். சீர்வரிசையோடு ஒரு மச்சானையும் கொண்டு வந்தவள் என்று தெருவில் கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அவனைப் பாலிடெக்னிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். வேலைக்கான பரீட்சை எழுதப் போனபோதும் அதே சைக்கிள்தான். அவன் பாஸ் பண்ணி, ரோடும் வாய்க்காலும் பார்க்கிற ஆபீஸில் ஒர்க் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தான். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. அவனுக்கு வேலை போனால் அவன் குடும்பத்துக்குச் சோறு போட மறுபடி நான்தான் கிரைண்டரை ஓட்ட வேண்டும்.

அவன் கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் வீடு கட்டினான். தரையை நல்ல உயரமாகத் தூக்கிக் கட்டினான். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

கடைசிப் படியும் மறைந்த பிறகு வந்த ஐப்பசியில் தண்ணீர் முதல்முறையாக வீட்டுக்குள் வந்தது. வாய்க்கால் ரோட்டுக்குக் கீழே எங்கேயோ புதைந்து கிடக்க, தெருத் தண்ணீர் முழுக்க வாசலைப் பார்த்து ஓடி வந்தது. இட்லி அரிசி மூட்டை நனைந்து நாறிப்போனது. அதன்பிறகு எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் வாசலுக்குக் குறுக்கே செங்கல் வைத்துப் பூசிக் கட்டு எழுப்பினோம். தண்ணீர் வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி. ஆள் உள்ளே போவதானாலும் வெளியே வருவதானாலும் காலைத் தூக்கி அதைத் தாண்ட வேண்டும். மூலை வீட்டுக்காரர் மட்டும் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். எங்கள் வீடு சுண்ணாம்புக் கலவைச் சுவர், தூக்கினால் கையோடு வந்துவிடும் என்று வந்து பார்த்த மேஸ்திரியே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். வாய் கோணவில்லை, பேச்சு போகவில்லை, அந்த மட்டுக்குப் புண்ணியம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரொம்ப நாள் கட்டிலோடு கிடந்தார். பிறகு ஊன்றுகோல் பிடித்து எழுந்து நின்றார். பிறகு முன் அறை வரைக்கும் நடந்தார். அதற்குமேல் வாசலில் இருந்தது அந்தக் கட்டு.

அதைத் தாண்ட அவர் பழகியதை நான் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நிலைக்கதவை வலது கையால் பிடித்துக்கொள்வார். வலது காலை முதலில் அந்தப் பக்கம் வைப்பார். அப்புறம் வராத காலைத் தொடையோடு சேர்த்து இடுப்பால் இழுப்பார். பல நாள் கால் செங்கல்லில் இடித்து ரத்தம் வந்தது. தூக்கிவிட யாரையும் விடமாட்டார். ஒருநாள் தாண்டிவிட்டார். ரோட்டில் நின்று திரும்பி என்னைப் பார்த்து, "இன்னா பாக்கற, டீக்கு காசு குடு" என்றார். நான் உள்ளே போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காசு எடுத்து வந்தேன்.

தெருமுனை டீக்கடையில் பழைய மில்காரர்கள் சாயங்காலம் கூடுவார்கள். மில் மூடி எத்தனையோ காலம் ஆகியும் இன்னும் ஷிப்டுக் கதைதான் பேசுவார்கள். அங்கே போய் உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு வருவதுதான் அவருக்கு இருந்த உலகம். அதற்குக் குறுக்கே ஒரு செங்கல் உயரம். அதை அவர் ஜெயித்துவிட்டார். அது இரண்டு செங்கல் ஆனால் ஜெயிக்க முடியாது. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், என் தம்பிக்கும் நன்றாகத் தெரியும். ரோடு இன்னொரு அடுக்கு உயர்ந்தால் கட்டும் உயர்ந்தே ஆக வேண்டும்.

ஆனால் ரோடு போடாமலும் முடியவில்லை. தெரு குண்டும் குழியுமாகிவிட்டது. கடற்கரைப் பக்கம் டூரிஸ்ட் நடக்கிற தெருவில் கல் பாவி இழைத்து வைத்திருக்கிறார்கள், அங்கே சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். எங்கள் பக்கம் பள்ளத்தில் ஒரு ஆட்டோ கவிழ்ந்து, அதில் வந்த வாயும் வயிறுமான பெண் மயிரிழையில் தப்பினாள். ஒரு பள்ளத்தை மூடினால் பக்கத்தில் குழாய் உடைந்து அடுத்த பள்ளம் விழும். பேட்ச் ஒர்க் என்று கொட்டிய ஜல்லி அடுத்த மழையில் வாய்க்காலைப் பார்க்கப் போய்விடும். எங்களுக்கு ரோடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. பழையதைச் சுரண்டிவிட்டுப் போடு என்றுதான் சொன்னோம்.

மாசி மாதம் ஜல்லி லாரி வந்தது. சுரண்டுகிற மெஷின் வரவில்லை. எதிர்வீட்டுக்காரிதான் முதலில் சேலையைச் சொருகிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு என்னைவிட வயது குறைவு, வாய் அதிகம். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தவள். அவள் உட்கார்ந்ததும் நான் உட்கார்ந்தேன். அப்புறம் தெருவே உட்கார்ந்தது. என் வீட்டுக்காரரும் கட்டைத் தாண்டி வந்து, டீக்கடை ஸ்டூலைப் போடச் சொல்லி எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காண்டிராக்டர் யாருக்கோ போன் போட்டார். வந்தது என் தம்பி.

அவனைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதை நம்பினேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம்தான் போனான். அவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"மெஷினு வெளியூர்லேர்ந்து வரணும் மாமா. வந்ததும் சுரண்டிட்டுத்தான் போடுவோம். நீங்க நடந்து போயி டீ குடிக்கறதுக்கு நான் பொறுப்பு."

"இன்னாடா தம்பி, நெசமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"எங்க அக்கா வீட்டு வாசலுக்கா, நான் கெடுதல் பண்ணுவேன்?" என்றான்.

அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும். நான்தான் முதலில் எழுந்தேன். நான் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். லாரி போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டே, "உன்ன நம்பித்தான் எழுந்துக்கறேன், அவன நம்பி இல்ல" என்றாள். அன்று அவளுக்குக் கொசுறாக ஒரு கரண்டி மாவு அதிகம் ஊற்றினேன்.

கொஞ்ச நாள் கழித்து தம்பி பத்திரிகையோடு வந்தான். அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பெண் வயதுக்கு வந்து பல மாதம் ஆகியிருந்தது. மண்டபம் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தவன் திடீரென்று பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் இந்த விசேஷத்துக்குத் தாய்மாமன் சீர் முதலில் வரும், அடுத்தது அத்தை சீர். அத்தைதான் முதலில் சந்தனம் பூசி நலங்கு வைக்க வேண்டும். அத்தை எத்தனை தட்டு கொண்டுவந்தாள், அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதில்தான் கௌரவம் இருக்கிறது. கைக்கு ஒரு தட்டாகத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு மண்டபத்துக்குள் நுழைய வேண்டும்.

"தெருவையே கூட்டிகினு வந்துடுக்கா," என்றான். "வீட்டுக்கு ரெண்டு பேரு வந்தாலும் பரவால்ல. வேன் நான் அனுப்பறேன். எம் பொண்டாட்டி வீட்டுக்காரங்க எதிர்ல உன் வரிசைதான் பெருசா தெரியணும்."

என்னிடம் இப்படிச் சொன்னால் நான் விடுவேனா. வீடு வீடாகப் போய் மஞ்சள் குங்குமம் வைத்து அழைத்தேன். மாவு வாங்க வந்தவர்களிடம் பாத்திரத்தைக் கொடுக்கும்போதே, "ஞாயித்துக்கெழமை தட்டு தூக்கணும், மறந்துடாத" என்று சொல்லி அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரிக்குப் பழத்தட்டு. அவள் தன் கல்யாணப் பட்டை எடுத்து வெயிலில் காயப் போட்டாள்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. வேனில் ஏறி இறங்குவது கஷ்டம், மண்டபத்தில் பாத்ரூம் எந்தப் பக்கமோ என்ற பயம். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார். இட்லியை எடுத்து மூடி வைத்துவிட்டு, போனை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் பூட்டு. ஒரு வேன் போதாமல் இன்னொன்றும் வந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பெண்கள் பாட்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

மண்டபத்தில் எனக்கு ராஜமரியாதை. தம்பியே வாசலுக்கு வந்து பன்னீர் தெளித்தான். வரிசை நுழைந்தபோது மொத்த மண்டபமும் திரும்பிப் பார்த்தது. நான் என் மருமகளுக்குச் சந்தனம் பூசினேன், அவள் வெட்கத்தில் சிரித்தாள், எனக்குக் கண் கலங்கியது. அம்மா இருந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மேடையில் போட்டோ எடுக்க எல்லாரையும் நிற்க வைத்தார்கள். தம்பி எனக்குப் பக்கத்தில் நின்றான். அப்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ இரண்டு வார்த்தை பேசினான். திரும்பி வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தான். அந்தப் போட்டோவை பிரேம் போட்டு எனக்கு ஒன்று கொடுத்தான். அது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, சாயங்காலம் வேனில் திரும்பினோம். தெருமுனைக்கு வந்ததும் டிரைவர் பிரேக் போட்டான். "இதுக்கு மேல போக முடியாதும்மா, சூடா இருக்கு டயரு ஒட்டிக்கும்" என்றான்.

கதவைத் திறந்ததும் தார் நாற்றம் மூக்கில் அடித்தது. தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கறுப்பாக, புதிதாக, உயரமாகக் கிடந்தது. ரோலர் வேலையை முடித்துவிட்டு அந்தக் கோடியில் நின்றிருந்தது. பழைய ரோட்டில் ஒரு கை அளவுகூடச் சுரண்டவில்லை. குழிகளோடு சேர்த்து அப்படியே மூடிவிட்டார்கள். பட்டுச் சேலையும் பூவுமாக, கையில் காலித் தட்டோடு, நாங்கள் அத்தனை பேரும் தெருமுனையில் நின்றோம். எதிர்வீட்டுக்காரி மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். வாசல் முன்பைவிட ஒரு சாண் பள்ளத்தில் இருந்தது. கட்டின் தலை ரோட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளேதான் வரும். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலில் தார் ஒட்டியிருந்தது.

"நீ போன கொஞ்ச நேரத்துல வந்துட்டாங்க," என்றார். "வெளிய போயி நின்னேன். போடக்கூடாதுன்னு சொன்னேன். அந்தப் பசங்க மரியாதையாத்தான் பேசனாங்க. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, நீங்க போன் பண்ணி கேட்டுக்கங்கன்னாங்க."

"எனக்குப் போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணேன். நீ எடுக்கல. மேளச் சத்தத்துல கேட்டிருக்காது. அதான் மச்சானுக்குப் பண்ணேன்."

நான் தாம்பூலப் பையைக் கீழே வைத்தேன்.

"இன்னா சொன்னான்?"

"பாத்துக்கிறேன் மாமா, வெயில்ல நிக்காதீங்க, நீங்க உள்ள போயி உக்காருங்கன்னான். சரி, அவன் பாத்துக்குவான்னு உள்ள வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போதுகூட அவருக்குப் புரிந்திருக்கவில்லை. போன் போட்டும் ஏன் நிறுத்தவில்லை, லைன் கிடைக்காமல் போயிருக்குமோ என்று அவனுக்காகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என் தோள் மேல் கிடந்த கை ஞாபகத்துக்கு வந்தது. அவன் வீட்டுச் சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை, கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் கிரைண்டர் போடவில்லை. பஸ் பிடித்து அரியாங்குப்பம் போனேன். அவன் வீட்டு வாசலில் வாழைமரம் இன்னும் கட்டியபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் தம்பி பெண்டாட்டி காபி போட உள்ளே போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே கேட்டேன்.

"சுரண்டிட்டுத்தான் போடுவேன்னியே?"

அவன் எதிர்பார்த்திருந்தான். பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்ததுபோல நிறுத்தாமல் பேசினான். சுரண்டுகிற மெஷின் ஆபீஸில் கிடையாது, கேட்டுக் கேட்டுப் பார்த்தும் வரவில்லை. வந்தாலும் எங்கள் தெருவில் இறக்க முடியாது. அடியில் ஓடுகிற தண்ணிக் குழாயெல்லாம் எந்தக் காலத்தில் போட்டதோ, எங்கே ஓடுகிறது என்று ஆபீஸில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. வேறொரு தெருவில் சுரண்டப் போய்க் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் சேர்ந்து உடைந்து, தெருவே வாந்திபேதியில் படுத்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் வேலையை முடிக்காவிட்டால் வந்த பணம் திரும்பிப் போய்விடும், அப்புறம் எங்கள் தெருவுக்கு எப்போது வருமோ. மேலே இருக்கிறவர்கள் அவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் பொய் சொல்லலக்கா. எல்லாம் நெசம்."

நிஜமாகத்தான் இருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷமாக அந்த ரோட்டை ஒட்டிப் பிழைக்கிறேன், அதற்குக் கீழே என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

"அத தெருவுல வந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மறுபடியும் உக்காந்திருப்பீங்க."

"உக்காந்திருப்போம்," என்றேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. வேலைக்குத் தோதா விசேஷத்துக்கு நாள் பாத்தியா, இல்ல விசேஷத்துக்கு நாள் பாத்துட்டு வேலைய வெச்சியா?"

அவன் வாழைமரத்தைப் பார்த்தான். என் மருமகள் உள்ளிருந்து வந்து, "அத்தை" என்று என் கையைப் பிடித்தாள். அவள் கழுத்தில் இன்னும் மஞ்சள் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு எதிரே என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை. ஆபீஸ்காரன் ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், கட்சிக்காரன் ஏமாற்றுவது பழகிப்போனதுதான். கூட இருந்தே குழி பறிக்கிறவனை என்ன செய்வது. அதுவும் பெற்ற மகளின் சந்தனத்தை வைத்துக் குழி பறித்தான்.

தெருவில் என் பெயரும் கெட்டது. நான்தானே வீடு வீடாகப் போய்க் குங்குமம் வைத்து எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனவள். அக்காளும் தம்பியும் சேர்ந்து போட்ட திட்டம் என்று என் காதுபடவே பேசினார்கள். மாவு வாங்க வருகிற கூட்டம் பாதியானது. எதிர்வீட்டுக்காரி கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போனாள். நானும் ஏமாந்தவள்தான் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எப்படிச் சொல்வது. சித்திரை வெயிலில் புது ரோட்டில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோடை மழை ஒன்று பெய்து உள்ளே தண்ணீர் வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு கட்டின் மேல் இன்னொரு செங்கல் வைத்துப் பூசினோம். பூசும்போது என் வீட்டுக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிமெண்ட் காய்ந்ததும் ஒருநாள் முயற்சி செய்து பார்த்தார். கால் வரவில்லை. நிலைக்கதவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். டீக்கடைக் கூட்டாளிகள் இருவர் வந்து இரண்டு பக்கமும் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் அப்படி நடந்தது. பிறகு, "நான் என்னா மூட்டையா, தூக்கி எறக்கறதுக்கு?" என்று மறுத்துவிட்டார். அவர்கள் டீயை டம்ளரில் மூடிக் கொடுத்தனுப்பினார்கள். ஆறிப்போய் வரும். குடிக்காமல் வைத்துவிடுவார்.

தீபாவளி வந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து தீபாவளிக்குத் தாய்வீட்டு வரிசை எனக்குத் தவறியதில்லை. அப்பா இருந்தவரை அப்பா, அப்புறம் தம்பி. இந்த முறை வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். வானம் மூடிக்கொண்டிருந்தது. தட்டில் சேலை, வேட்டி, ஸ்வீட், பழம். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப் பெட்டி.

வாசலுக்கு வந்தவன் பழைய ஞாபகத்தில் காலை உயர்த்தி வைத்தான். படி இருந்த காலத்துப் பழக்கம். கட்டுக்கு அந்தப் பக்கம் தரை எட்டாமல் தடுமாறி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். தட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். அட்டைப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்ததைத் தரையில் வைத்தான். தண்ணீர் இறைக்கிற மோட்டார், கூடவே சுருட்டிய நீலப் பைப்பு.

"கட்ட இடிச்சிடுக்கா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "மாமா வெளிய போவட்டும். தண்ணி உள்ள வந்தா இத போட்டுக்க, அஞ்சு நிமிஷத்துல இறைச்சிடும்."

என் வீட்டுக்காரர்தான் கட்டிலிலிருந்து கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அவருக்கு இதற்குள் எல்லாம் புரிந்திருந்தது.

"மழை வந்தா மொதல்ல கரண்டுதான போவும் மச்சான்?"

தம்பி பைப்பை மோட்டாருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான்.

"பரவால்ல," என்றார் அவர். "உனக்குப் போன் பண்றேன். பாத்துக்கிறேன்னு சொல்லு."

தம்பி எழுந்தான். கண் சிவந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கட்டைத் தாண்டி ரோட்டில் ஏறி நின்றான். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

வரிசைத் தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு பிடி அரிசியாவது, சர்க்கரையாவது, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வெற்றிலையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பிறந்த வீட்டு உறவு நிலைக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பது. இத்தனை வருஷமும் நான் தட்டு நிறைய அதிரசம் வைத்து அனுப்பியவள். அன்று சேலையையும் வேட்டியையும் எடுத்து என் டிரங்குப் பெட்டியில் போட்டேன். ஸ்வீட்டையும் பழத்தையும் எடுத்தேன். தட்டைத் துணியால் துடைத்தேன்.

வாசலுக்கு வந்து, மாவுப் பாத்திரம் கொடுப்பதைப் போலவே, தலைக்கு மேலே தூக்கி அவனிடம் நீட்டினேன். அவன் குனிந்து வாங்கி, அதில் ஒன்றுமில்லை என்று பார்த்தான்.